கரிக்கையூர் பொறிவரைப் பாறை ஓவியங்களும் கோத்தகிரி அருவிகளும்: நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோடநாடு காட்சி முனை, கேத்தரின் அருவி, தேயிலைத் தோட்டத்தில் நாலு போட்டோ என்று அரை நாளில் முடித்துக்கொண்டு ஊட்டிக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அதே மலையின் கிழக்குச் சரிவில், தென்னிந்தியாவின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. இடத்தின் பெயர் பொறிவரை. கரிக்கையூர் என்ற இருளர் ஊரிலிருந்து காட்டுக்குள் நடந்து போய்ச் சேர வேண்டும். ஊர்ப் பெயரைக் கரிக்கியூர் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஊர்தான்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அனுமதி எல்லாம் வேண்டாம், நான் கூட்டிப்போகிறேன் என்று ஒரு ஜீப் ஓட்டுநர் சொன்னதை நம்பிப் போனேன். ஊருக்குள் நுழைந்ததுமே பெரியவர்கள் இருவர் நிறுத்தி, யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை, திரும்பிவிட்டேன். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. பிறகு முறைப்படி போய், பாறையில் ஓவியங்களின் மேலேயே ஊர் பேர் தெரியாதவர்கள் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தபோது, அந்தப் பெரியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பது விளங்கியது. இந்த இடத்தை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

பொறிவரை: என்ன இருக்கிறது?

பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. பழந்தமிழில் 'வரை' என்றால் மலை. 'பொறி' என்றால் புள்ளி, குறி, அடையாளம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குறிகள் உள்ள மலை என்று வருகிறது.

குகை என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். தொல்லியலில் இதைப் பாறை ஒதுக்கு என்பார்கள். மேற்பாறை கூரை மாதிரி முன்னால் நீண்டிருக்க, அதன் அடியில் மழையும் நேர் வெயிலும் அவ்வளவாகப் படாத நீளமான சுவர். அந்தச் சுவரில் 500-க்கும் மேற்பட்ட உருவங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டெருமைகள், குரங்குகள், மனித உருவங்கள் என்று அடுக்கடுக்காக வரைந்திருக்கிறார்கள். ஓவியரும் ஆய்வாளருமான கே.டி. காந்திராஜன் போன்றவர்கள் எழுதியும் பேசியும்தான் இந்த இடம் வெளியே தெரிய வந்தது.

எத்தனை ஆண்டு பழையது என்று எல்லாரும் கேட்பார்கள். மூவாயிரம், ஐயாயிரம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்லப்படுகிறது. ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. இந்த உருவங்களை வரையப் பயன்பட்ட செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். அதில் கரிமம் கிடையாது. ஆகவே கரிமத்தை அளந்து வயது சொல்லும் கார்பன் டேட்டிங் முறையை நேரடியாக அதில் பயன்படுத்த வழியில்லை. எந்த உருவத்தின் மேல் எந்த உருவம் வரையப்பட்டிருக்கிறது, என்ன விலங்கு, கையில் என்ன ஆயுதம், அருகில் என்ன தொல்பொருள் கிடைத்தது என்பதை எல்லாம் வைத்துத்தான் காலத்தை ஊகிக்கிறார்கள். ஒரே சுவரில் பல தலைமுறைகள் வரைந்திருக்கலாம் என்பதால் முழுச் சுவருக்கும் ஒரே வயது சொல்வதும் பொருந்தாது. சில குறிகள் சிந்துவெளி எழுத்தைப் போல இருப்பதாகவும் ஒரு கருத்து உண்டு. ஒன்றிரண்டு குறிகளின் ஒற்றுமையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காட்டெருமைகளுக்கு வேறு பெருமை தேவையில்லை என்பது என் எண்ணம்.

எந்த மாதம் போவது?

கோத்தகிரி, தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் வேகத்தை அந்த மலை தடுத்துவிடும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் கொட்டும்போது இங்கே சாரலோடு நின்றுவிடுவது உண்டு. இங்கே அடித்துப் பெய்வது வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபரும் நவம்பரும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டுப் பலர் இறந்தார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும் இந்தப் பக்கம் நடைக்கு வேண்டாம்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான் என் கணக்கில் சரியான காலம். மழை நின்று பாதை காய்ந்திருக்கும், அருவிகளில் தண்ணீரும் வற்றியிருக்காது. அதன் பிறகு தீக்காலம். அந்த வாரங்களில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். போதைப்புல் என்ற உயரமான மலைப்புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. பாதை மூடியிருந்தால் மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் வழிகாட்டியும்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கரிக்கையூர் முதல் பொறிவரை வரையிலான பாதை அதில் ஒன்று. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். இவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். கட்டணம், வயது வரம்பு, திறந்திருக்கும் நாட்கள் எல்லாம் பாதைக்குப் பாதை மாறும் என்பதால் பதிவு செய்யும் அன்றைக்கே தளத்தில் பார்த்துவிடுங்கள். அசல் அடையாள அட்டையைப் பையிலேயே வையுங்கள்.

அனுமதியில்லாமல் காப்புக் காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். அதைவிட, இந்தக் காட்டில் யானை, கரடி, காட்டெருமை மூன்றும் உண்டு. எந்தச் சாணம் இன்று காலை போட்டது, எது நேற்றையது என்று பார்த்த உடனே சொல்லக்கூடிய ஒருவர் முன்னால் நடக்காவிட்டால் நானே ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன்.

நீலகிரிக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை.

போய்ச் சேர்வது

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. மே மாத சீசனில் பெரும்பாலும் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து கரிக்கையூர் சுமார் 40 கிலோமீட்டர். சோலூர்மட்டம் வழியாகப் போக வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் குறைந்து, காற்று சூடேறி, மரங்கள் மாறிக்கொண்டே வருவதை வண்டியில் உட்கார்ந்தே கவனிக்கலாம். குளிர்ந்த மலை பின்னால் போய் வறண்ட சரிவுக் காடு வருகிறது. காலை நடைக்குப் பேருந்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். கோத்தகிரியில் முந்தின நாளே ஜீப் பேசி வைத்துவிடுங்கள். கண் தெரியும் வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் போதும். அதற்கு முன் வேண்டாம், விடியற்காலையில் கரடி நடமாட்டம் அதிகம்.

முந்தின நாள் மாலை: கோடநாடு

இதைத் தவறவிடாதீர்கள். கோடநாடு காட்சி முனையில் நின்றால், நீங்கள் மறுநாள் நடக்கப்போகும் நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் புரியும். ஆழத்தில் மாயாறு. அதன் கரையில் புள்ளியாகத் தெங்குமரஹாடா என்ற ஊர். அந்த ஆறு போய்ப் பவானியோடு சேரும் இடத்தில்தான் பவானிசாகர் அணை. ஒரு பக்கம் ரங்கசாமி மலை. இருளர்களுக்கு அது கோயில் மலை, பூசை செய்வதும் அவர்கள்தான். மேலே குளிர், கீழே வெக்கை, நடுவில் சரிவு. வேட்டை விலங்கும் தண்ணீரும் மழைக்கு ஒதுங்கப் பாறையும் இருந்த அந்த நடுச் சரிவை மனிதர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அங்கே நின்று பத்து நிமிடம் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

பையில் என்ன?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஸ்டீல் பாட்டிலிலோ தடித்த பாட்டிலிலோ கொண்டு வாருங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடைத் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியத்துக்குப் புளிசோறோ எலுமிச்சைச் சோறோ வாழையிலையில் கட்டிக்கொள்ளலாம், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட் கூடவே. கொறிக்க ஊட்டி வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வர்க்கி பையில் நொறுங்கும், டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள்.

கால் விஷயத்தில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். நன்றாகப் பழகிய, அடியில் பிடிப்புள்ள ஷூ. புது ஷூவோடு வந்த என் தங்கைக்கு இறக்கத்தில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போயின. முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், கால்சட்டை விளிம்பை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். ஈரமான சோலைக் காட்டில் அட்டை தொல்லை என்றால் இந்தக் காய்ந்த சரிவில் உண்ணி தொல்லை. உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். சென்ட், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் இரண்டு: ஒரு சின்ன நோட்டும் பென்சிலும், முடிந்தால் ஒரு பைனாகுலர். இவை எதற்கு என்பது பாறை அருகே போனதும் தெரியும்.

நடை

ஊரில் வழிகாட்டி காத்திருப்பார். பேசத் தொடங்கும் முன், குழுவில் யாருக்கு முழங்கால் வலி, ஆஸ்துமா, தேனீ கொட்டினால் ஒவ்வாமை என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊருக்குள் வீடுகளையோ ஆட்களையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பாதை ஒற்றையடிப் பாதை. வழிகாட்டி முன்னால், குழுவில் மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து. இந்த வரிசை முக்கியம். வேகமானவர்கள் முன்னால் போனால் குழு பிரிந்துவிடும், காட்டில் பிரிந்த குழுவுக்கு ஒரு வழிகாட்டி போதாது. அவர் கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள். என்ன, ஏது என்று கேட்பதெல்லாம் அப்புறம். எங்கள் இரண்டாம் நடையில் அவர் அப்படி நிறுத்தியபோது எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவருக்கு மூங்கில் முறியும் சத்தம் கேட்டிருக்கிறது. கால் மணி நேரம் நின்றோம். பிறகு வேறு பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். யானையை நாங்கள் பார்க்கவே இல்லை, அதுதான் நல்ல வழிகாட்டுதல்.

வளைவுகளில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போகலாம். திடுக்கிட்ட கரடிதான் பாயும். ஆள் வருவது முன்னமே தெரிந்தால் பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் பாட்டு, கூச்சல், புளூடூத் ஸ்பீக்கர் கூடவே கூடாது.

செங்குத்துப் பாறைகள் வரும் இடத்தில் நிமிர்ந்து பாருங்கள். அரைவட்டமாகக் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேனீ அடை. இருளர்களும் குறும்பர்களும் கொடிக்கயிற்றில் இறங்கித் தேன் எடுப்பது இப்படிப்பட்ட வரைகளில்தான். வாசனைத் தைலமும் புகையும் இரைச்சலும் இந்தத் தேனீக்களைக் கிளப்பிவிடும். தப்பித்தவறிக் கிளம்பினால் கையை வீசி அடிக்காதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, வழிகாட்டி காட்டும் பக்கம் விலகிப் போங்கள்.

பாறைக்கு அடியில்

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்து, போனை எடுத்து, பத்து படம் எடுத்து, போகலாமா என்று கேட்கிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் இங்கே ஒதுக்குங்கள்.

முதலில் பையை இறக்கிவைத்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளி உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சுவர் வெறும் பழுப்பாகத்தான் தெரியும். நான் வந்து ஐந்து நிமிடம் எதையும் காணாமல் தவித்தபோது, வழிகாட்டி அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவசரப்படாதீங்க, கண்ணு பழகட்டும்." பிறகு ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, பாறையில் படாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். "அங்க பாருங்க, வால் தெரியுதா?" வால் தெரிந்தது. வாலைத் தொடர்ந்து முதுகு, பிறகு கை. ஒரு குரங்கு. அது தெரிந்த நொடியில் அதைச் சுற்றி இன்னும் நாலைந்து தெரிய ஆரம்பித்தன. அதுவரை கறை என்று நினைத்துப் பார்வையைத் தாண்டவிட்ட இடமெல்லாம் உருவங்கள்.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் தொடங்கி, கீழிருந்து மேலாக, ஓர் ஆள் அகலம் பார்த்து முடித்துவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள். உயரத்தில் இருப்பதற்கு பைனாகுலர் உதவும். எது கோட்டால் மட்டும் வரைந்தது, எது உள்ளே நிறம் நிரப்பியது என்று பிரித்துப் பாருங்கள். எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். மேலே இருப்பது பிந்தியது, அவ்வளவு எளிய விதி. செங்காவியா வெண்சாந்தா என்று பாருங்கள். அப்புறம் நோட்டை எடுத்து, பிடித்த ஓர் உருவத்தை நீங்களே வரையுங்கள். ஓவியம் வராது என்று தயங்காதீர்கள். வரையும்போதுதான் காட்டெருமையின் திமிலை எவ்வளவு உறுதியாக ஒரே இழுப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரியும். அந்த விலங்கைப் பல நாள் பக்கத்திலிருந்து பார்த்த கை அது.

தொடாதீர்கள். விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் நிறத்தைத் தின்னும். சுவரில் தண்ணீர் தெளித்தால் உருவம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். பழைய படக்காரர்கள் சிலர் அப்படிச் செய்ததுண்டு. காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு வெளியே வந்து நிறத்தின் மேல் வெள்ளையாகப் படியும். பிறகு அந்த உருவம் யாருக்கும் தெரியாது. சாக்பீஸால் கோட்டைத் தடிக்க வைப்பதும் அதே கேடு. அங்கே அடுப்பு மூட்டவோ கற்பூரம் கொளுத்தவோ கூடாது. கரி படிந்தால் அதைக் கழுவும்போது ஓவியமும் சேர்ந்து போகும்.

படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் வேண்டாம். அளவு தெரிய ஒரு ஸ்கேலையோ பேனாவையோ பாறையில் ஒட்டாமல் முன்னால் பிடித்து எடுங்கள். நிறம் மங்கிய இடத்தையும், ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்தையும் சேர்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படங்களை டி-ஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஜான் ஹார்மன் என்பவர் பாறை ஓவியங்களுக்கென்றே உருவாக்கியது. நிற வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்குத் தப்பிய செங்காவிக் கோடுகள் அதில் எழுந்து வரும். என் படம் ஒன்றில், வெறும் பாறை என்று நான் நினைத்த மூலையில் கைகோத்து நிற்கும் மூன்று பேர் வந்தார்கள்.

இடத்தின் துல்லியமான வரைபடக் குறியை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். கிறுக்க வருகிறவர்களுக்கும் அதே குறிதான் வழிகாட்டும்.

வரைகிற பழக்கம் இந்த மலையில் இன்னும் அறுந்துபோகவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பை குறும்பர் ஊர். அதன் அருகிலும் எழுத்துப்பாறை என்ற பாறை ஓவிய இடம் உண்டு. அவ்வூர்க் குறும்பர்கள் வேங்கை மரப் பால், மண், இலைச்சாறு ஆகியவற்றில் நிறம் எடுத்து இன்றும் தேனெடுப்பையும் ஆட்டத்தையும் வரைகிறார்கள். கோத்தகிரியில் அவர்களுடைய ஓவியம் விற்பனைக்குக் கிடைத்தால், சாவிக்கொத்துக்குப் பதில் அதை வாங்குங்கள்.

மறுநாள்: அருவிகள்

நடந்த அன்றே அருவிக்கும் ஓடாதீர்கள், கால் தளர்ந்திருக்கும்போதுதான் ஈரப்பாறை வழுக்கும். இரவு உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, சூடான தண்ணீரில் குளித்துவிட்டுத் தூங்குங்கள்.

காலையில் உயிலட்டி அருவி. கோத்தகிரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கூட்டம் குறைவு. தோட்டங்களுக்கு நடுவே நடந்து போகும்போது வேலை செய்கிறவர்களிடம் வழி கேட்டுக்கொள்ளலாம். படுக மொழியில் ஓடைக்கு ஹள்ளா என்பார்கள், அந்தச் சொல்லைச் சொன்னாலே கை காட்டுவார்கள்.

கேத்தரின் அருவி அரவேணு அருகே. சுமார் 250 அடி உயரம், கல்லாற்றின் மேற்பகுதி நீர். கோத்தகிரியில் காபி பயிரிட்ட எம்.டி. காக்பர்ன் என்பவருடைய மனைவியின் பெயர் அது. தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் முழு உயரமும் தெரியும். அருவியின் தலைக்குப் போய் விளிம்பில் நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், பாசி படிந்த பாறை முன்னறிவிப்பு தராது.

எந்த ஓடையில் கால் வைத்தாலும் மேலே வானத்தைப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பைத் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

அரவேணு மேட்டுப்பாளையம் சாலையிலேயே இருப்பதால் கேத்தரின் அருவியைக் கடைசியாக வைத்துக்கொள்வது வசதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய், நாலு மணிக்கு மலையை விட்டு இறங்கத் தொடங்கினால், மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு சென்னைக்குக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸை நிதானமாகப் பிடிக்கலாம்.